ஒளித்து வைத்தவர்களுக்குப் பதக்கம் எதற்கு?

9 ஜனவரி 2023 – வாசகர் ஒருவரின் கேள்வி

இரண்டாம் உலகப்போரில் யூதர்களைக் காப்பாற்றிய ஊர்ச்சனத்துக்கு இப்பவும் பதக்கம், பட்டயம், கல்வெட்டு என்று கொடுத்துக்கொண்டே இருக்கிறார்கள். செய்தவர்களில் முக்கால்வாசிப் பேர் உயிரோடு இல்லை. இருக்கிற மிச்சப்பேரும் "நாங்கள் பெரிசாக ஒன்றும் செய்யேல்லை" என்கிறார்கள். வேண்டாம் என்பவர்களுக்கு ஏன் வலிந்து கொடுப்பான்? அரசாங்கங்கள் தங்கட முகத்தைக் கழுவிக்கொள்ளச் செய்கிற வேலை என்றுதான் நான் நினைக்கிறேன். மறுக்கிறவர்கள் சொல்லுங்கோ.

9 ஜனவரி, இரவு

நான் மறுக்கிறேன். நல்ல கேள்வி என்றபடியால் நீளமாகத்தான் எழுதப்போகிறேன்.

31 வருடமாக லியோனில் இருக்கிறேன். இங்கிருந்து சென்-எத்தியனைத் தாண்டி மலை ஏறினால் இரண்டு மணித்தியாலத்துக்குள் லு ஷம்போன்-சுர்-லினியோன் என்ற ஊர் வரும். ஆயிரம் மீற்றர் உயரம், பைன் காடு, கருங்கல் வீடுகள், மாரியில் முழங்கால் அளவு பனி. 1940 ஜூன் 22 இல் பிரான்ஸ் ஜெர்மனியிடம் பணிந்து ஒப்பந்தம் எழுதியது. அடுத்த நாள் ஞாயிற்றுக்கிழமை. அன்றைக்கு அந்த ஊர்த் தேவாலயத்தில் அந்திரே துரொக்மே, எதுவார் தேஸ் என்ற இரண்டு பாதிரிமாரும், மனச்சாட்சியை நெரிக்க வருகிறவர்களை ஆவியின் ஆயுதங்களால் எதிர்க்கவேண்டும் என்று பிரசங்கம் செய்தார்கள். பிறகு நாலு வருடம், வந்து கதவைத் தட்டின சனத்தை அந்த ஊர் உள்ளே எடுத்தது. 5,000 யூதர்களைக் காப்பாற்றினார்கள். ஒருத்தரையும் காட்டிக்கொடுக்கவில்லை.

பதக்கம் வேண்டாம் என்று அவர்கள் சொன்னது உண்மை. ஆனால் அவர்கள் சொல்வதோடு கதை முடிந்துவிடுமா? காப்பாற்றப்பட்டவருக்கும் சொல்ல ஒன்று இருக்கும்தானே.

10 ஜனவரி, காலை

திருத்தம். அவசரத்தில் எழுதினது. 5,000 என்பது அந்த மேட்டுநிலம் முழுக்கத் தங்கிப்போன எல்லா அகதிகளுக்கும் வழமையாகச் சொல்லும் தொகை. ஸ்பெயின் போரில் தோற்று வந்தவர்கள், ஹிட்லருக்கு எதிரான ஜெர்மானியர், கட்டாய வேலைக்கு ஜெர்மனிக்குப் போக மறுத்த பிரெஞ்சுப் பெடியள் எல்லாரும் அதற்குள் வருவார்கள். யூதர் 3,500 பேர் என்பார்கள். இப்போதைய ஆய்வாளர் பலர் அதையும் குறைத்துத்தான் சொல்கிறார்கள். யாரும் இடாப்பு வைத்து எண்ணவில்லை. எழுதி வைத்திருந்தால் அந்தக் கடுதாசியே கொன்றிருக்கும்.

"ஒருத்தரையும் காட்டிக்கொடுக்கவில்லை" என்றதும் நான் உறுதியாகச் சொல்லக்கூடிய வசனம் இல்லை. அதை எடுத்துவிடுங்கோ.

10 ஜனவரி, பின்னேரம்

நேற்று எழுதாமல் விட்டது சப்பாத்துக் கதை. எனக்கு அந்த ஊரில் ஆகவும் பிடித்தது அதுதான்.

1940-41 மாரி. துரொக்மே பாதிரியாரின் மனைவி மக்தா குசினியில் நிற்கிறா. கதவு தட்டுப்படுகிறது. வெளியில் பனியில் நனைந்து, நடுங்கிக்கொண்டு ஒரு பெண். ஜெர்மன்காரி, யூதர். உள்ளே வரலாமா என்று கேட்கிறா. "ஓம், வாங்கோ, உள்ளே வாங்கோ" என்கிறா மக்தா. அவ்வளவுதான். நனைந்த சப்பாத்தைக் கழற்றி அடுப்புச் சூட்டில் காய வைத்துவிட்டு, அந்தப் பெண்ணுக்குச் சாப்பாடு கொடுத்து, பத்திரம் எடுத்துக் கொடுக்கலாம் என்று மேயரிடம் ஓடுகிறா. மேயர், இந்த ஊரின் சொந்தச் சனத்தை ஆபத்தில் மாட்டாதே, அவவை அனுப்பிவிடு என்கிறார். திரும்பி வந்தால் அடுப்பில் சப்பாத்து கருகிப்போய்க் கிடக்கிறது. போர்க்காலம், சப்பாத்தும் பங்கீட்டுக்குத்தான். இந்தப் பெண் பனிக்குள் எதைப் போட்டுக்கொண்டு போவா? பிறகு ஊருக்குள் அலைந்து வேறு ஒரு சோடி தேடினா. அதிகாரம் இருக்கிற ஆளிடம் போய் உண்மையைச் சொன்னால் வேலைக்கு ஆகாது என்பதை மக்தா படித்துக்கொண்டது அன்றைக்குத்தான்.

வீரம் என்றால் நாங்கள் துவக்கையும் குண்டையும் நினைக்கிறோம். இங்கே கருகின சப்பாத்துக்குப் பதிலாக இன்னொரு சோடி தேடி வீடு வீடாகப் போகிற ஒரு மனுசி.

12 ஜனவரி

ஏன் அந்த ஊர் மட்டும், பிரான்சில் எத்தனையோ ஊர் இருக்கே என்று கேட்டிருக்கிறீர்கள். அந்தச் சனம் நல்ல சனம் என்று சொல்லிவிட்டுப் போகலாம். ஆனால் காரணங்கள் இருக்கின்றன.

ஒன்று, அவர்கள் புரொட்டஸ்தாந்துக்காரர், கத்தோலிக்க நாட்டில் சிறுபான்மை. 1685 இல் அரசன் அவர்களுடைய வழிபாட்டையே தடைசெய்தான். நூறு வருடம் காட்டுக்குள்ளும் களஞ்சியத்துக்குள்ளும் ஒளிந்து கும்பிட்ட சனத்தின் பேரப்பிள்ளைகள். யாரை ஒளிக்கவேண்டும், எங்கே ஒளிக்கவேண்டும் என்று அவர்களுக்குப் பாடம் எடுக்கத் தேவையில்லை.

அடுத்தது, நான் போகப்போகத்தான் விளங்கிக்கொண்டது: அந்த மேட்டுநிலத்துக்கு விருந்தாளி புதிதில்லை. சென்-எத்தியன் நிலக்கரிச் சுரங்க நகரம். அங்கத்தைய தொழிலாளர் பிள்ளைகளை நல்ல காற்றுக்காக இந்த மலைக்கு அனுப்பிப் பண்ணைவீடுகளில் விடுகிற வழக்கம் போருக்குப் பல வருடம் முன்னமே இருந்தது. தங்கும் வீடுகள் இருந்தன, பாதிரிமார் 1938 இல் தொடங்கின பள்ளிக்கூடம் இருந்தது. தெரியாத பிள்ளையொன்று பண்ணையில் விறகு சுமந்துகொண்டு நின்றால் அங்கே யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள். வெளியிலிருந்து குவேக்கர் என்ற கிறிஸ்தவ சபைக்காரரும் சுவிஸ் உதவிக்காரரும் காசு அனுப்பினார்கள். சிமாட் என்ற அமைப்பின் பெண்கள் சனத்தை இரவில் சுவிஸ் எல்லைக்குக் கூட்டிப்போனார்கள்.

1942 ஆகஸ்ட் 10 இல், ஜெர்மனியோடு ஒத்துப்போன பிரெஞ்சு அரசான விஷி அரசின் இளைஞர் விவகாரப் பொறுப்பாளர் அந்த ஊருக்கு வந்தார். பள்ளிக்கூடத்து மூத்த மாணவர்கள் அவர் கையில் கடிதம் ஒன்றைக் கொடுத்தார்கள். பாரிசில் நடந்த யூதர் கைதுகளைப் பற்றிக் கேள்விப்பட்டோம், எங்களுக்குள்ளும் யூதர் இருக்கிறார்கள், நாங்கள் வேறுபாடு பார்ப்பதில்லை, பிடிக்க வந்தால் ஒளித்து வைப்போம் என்ற கருத்தில். ஒளிக்கப்போகிறோம் என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்த பிள்ளைகள்! இரண்டு கிழமையில் பொலிஸ் பேருந்துகளோடு வந்தது. யூதர் பெயர்ப் பட்டியல் கேட்டது. துரொக்மே கொடுக்க மறுத்தார். மூன்று கிழமை மட்டில் தேடியும் ஏறத்தாழ வெறும் பேருந்தோடுதான் திரும்பிப் போனார்கள். தேடுதல் முடிந்ததும் ஊர்ச்சனம் காட்டோரம் போய்ப் பாடுமாம். பாட்டுக் கேட்டால் உள்ளே ஒளிந்திருந்தவர்களுக்கு வெளியே வரலாம் என்று தெரியும்.

13 ஜனவரி

"பண்ணைக்காரர் மாதாமாதம் காசு வாங்கினவைதானே" என்று எழுதினவருக்கு: ஓம், பலர் பிள்ளைகளின் சாப்பாட்டுச் செலவுக்கு வாங்கினார்கள். உருளைக்கிழங்கும் பாலும் வானத்திலிருந்து விழுவதில்லை. 1943 ஒக்டோபரில் டென்மார்க்கில் 7,000 க்கு மேற்பட்ட யூதரைப் படகில் சுவீடனுக்கு ஏற்றின மீனவர்களும் காசு வாங்கினார்கள், சிலர் கனக்க வாங்கினார்கள். அதே மீனவன் பிடிபட்டிருந்தால் படகும் போயிருக்கும், தானும் போயிருப்பான். யாத் வஷேம் இந்த இடத்தில் நியாயமாகத்தான் கோடு போட்டிருக்கிறது: சாப்பாட்டுச் செலவு வாங்கினது தடையில்லை, காசு தந்தால்தான் காப்பாற்றுவேன் என்றவருக்கு இல்லை.

17 ஜனவரி

யாத் வஷேம் என்றால் என்ன என்று ஒரு தம்பி கேட்டார். எருசலேமில் உள்ள நினைவகம். 1963 இலிருந்து அங்கே ஒரு குழு, நீதிபதி ஒருவர் தலைமையில், ஒவ்வொரு பெயரையும் வழக்கு விசாரிப்பதுபோல விசாரித்து "உலக நாடுகளில் நீதிமான்" என்ற பட்டம் கொடுக்கிறது. இதுவரை 28,000 க்கு மேல். முந்தி ஆளுக்கு ஒரு மரம் நட்டார்கள். நட இடம் முடிந்து இப்போது சுவரில் பெயர் வெட்டுகிறார்கள். பெரும்பாலும் காப்பாற்றப்பட்டவர் வந்து சாட்சி சொல்லவேண்டும். கேள்வி கேட்டவர் இதைக் கவனிக்கவேண்டும்: காப்பாற்றினவர் விண்ணப்பம் போட்டு வாங்குகிற பட்டம் இல்லை இது. யாரோ ஒருத்தர், நாற்பது ஐம்பது வருடத்துக்குப் பிறகு, "என்னை இந்த மனுசி ஒளித்து வைத்தா" என்று வந்து நிற்கிறார். அவர் வராவிட்டால் ஒன்றுமில்லை.

எனக்கு அதில் உறுத்துகிற இடமும் உண்டு. பட்டம் யூதர் அல்லாதவருக்கு மட்டும்தான். லு ஷம்போன் பக்கத்தில் ஒஸ்கார் ரொசோவ்ஸ்கி என்று ஒரு பெடியன், வைத்தியம் படிக்க விரும்பினவன், யூதன் என்றபடியால் விடவில்லை. பண்ணை ஒன்றில் இருந்துகொண்டு இரவிரவாகக் கள்ள அடையாள அட்டை தயாரித்தான். முத்திரை, கையெழுத்து எல்லாம். அந்தக் கடுதாசிகளை ஒளித்து வைத்தது தேன்கூட்டுப் பெட்டிக்குள். எந்தப் பொலிஸ்காரன் கை விடுவான்? பிறகு வைத்தியராகவே வந்தார். மதலேன் துரேஃபூஸ் லியோனிலிருந்து சின்னப் பிள்ளைகளைச் சின்ன ரயிலில் ஏற்றிக் கொண்டுபோய், பண்ணை பண்ணையாக நடந்து, "இந்தப் பிள்ளையை வைத்திருப்பீங்களா" என்று கேட்டு விடுவா. 1943 இல் கைக்குழந்தையோடு இருந்த நேரம் பிடிபட்டு பேர்கன்-பெல்சன் முகாமுக்குப் போனா. உயிரோடு திரும்பினா. இவர்கள் இருவரும் யூதர், அதால் அந்தச் சுவரில் இவர்களுக்கு இடமில்லை. யூதர் யூதருக்கு உதவுவது கடமை என்பது அதற்கான விளக்கம். எனக்கு அது போதவில்லை.

18 ஜனவரி

அரசு முகம் கழுவுகிறது என்ற குற்றச்சாட்டுக்கு இன்றைக்கு ஒரு பாதி இறங்கி வருகிறேன். 2007 இல் இதே ஜனவரி 18 அன்றுதான் நாட்டின் பெரியவர்களை அடக்கம் செய்கிற பாரிஸ் பந்தியோன் மண்டபத்தில் பிரான்சின் நீதிமான்கள் எல்லாருக்கும் சேர்த்துக் கல்வெட்டுத் திறந்தார்கள். 1942 இல் பாரிசில் இரண்டு நாளில் 13,000 பேரைப் பிடித்தது ஜெர்மன்காரன் இல்லை, பிரெஞ்சுப் பொலிஸ். அதை ஒரு ஜனாதிபதி வாய்திறந்து ஒத்துக்கொள்ள 1995 வரை சென்றது. அப்படிப்பட்ட அரசு நல்ல சனத்தைக் காட்டி "இதுதான் பிரான்ஸ்" என்றால் சந்தேகம் வரத்தான் செய்யும். ஆனால் லு ஷம்போனில் முதல் கல்வெட்டை வைத்தது எந்த அரசும் இல்லை. 1979 இல், அங்கே ஒளிந்திருந்த யூதர்கள் தாங்களே வந்து வைத்தது.

22 ஜனவரி

எழுதி எழுதி இருப்புக் கொள்ளவில்லை. இன்றைக்கு ஞாயிறு, காரை எடுத்துக்கொண்டு போய் வந்தேன். நல்ல பனி.

தேவாலயக் கதவுக்கு மேலே கல்லில் வெட்டியிருக்கிறது: ஒருவரில் ஒருவர் அன்பாயிருங்கள். அதற்கு எதிரே அந்தக் கல்வெட்டு. விரலால் பனியைத் தட்டிவிட்டு வாசித்தேன். தெருவில் ஒருத்தரும் இல்லை, ஒரு நாய் மட்டும் நின்று பார்த்தது.

திரும்பும்போது வேண்டுமென்றே மசே-சென்-வுவா பக்கத்தால் வந்தேன். இதைச் சொல்லத்தான் வேண்டும்: புகழ் முழுக்க லு ஷம்போனுக்கும் துரொக்மேக்கும் போய்விட்டது என்று அக்கம்பக்க ஊர்களுக்கு மனக்குறை உண்டு, நியாயமானது. மசே, தான்ஸ், ஃபே என்று எத்தனை ஊர். கத்தோலிக்கர், அதோடு தார்பிஸ்துகள் என்று கோயிலோ பாதிரியோ இல்லாமல் வீட்டுக்குள்ளேயே கும்பிடுகிற, வெளியில் வாயே திறக்காத பண்ணைச்சனம். 1990 இல் யாத் வஷேம் பட்டயம் கொடுத்தபோது அக்கம்பக்க ஊர்களையும் சேர்த்துத்தான் கொடுத்தது. ஊர் முழுவதையும் இப்படிக் கௌரவித்தது மிக அரிது. நெதர்லாந்தில் நியூலாண்டெ என்ற ஊர் மற்றது. அங்கே வீட்டுக்கு ஒருத்தரையாவது ஒளிப்பது என்று ஊரே முடிவெடுத்தது. எல்லார் வீட்டிலும் ஆள் இருந்தால் யார் யாரைக் காட்டிக்கொடுப்பது?

துரொக்மேக்குத் தனியாக 1971 இல் பட்டம் கொடுத்தபோது அவரே கேட்டாராம், ஏன் எனக்கு மட்டும், என் மனைவிக்கு ஏன் இல்லை, தேசுக்கு ஏன் இல்லை, அந்த ஏழை விவசாயிகளுக்கு ஏன் இல்லை என்று. அதே வருடம் செத்துப்போனார். மக்தாவுக்குப் பட்டம் வந்தது அதற்குப் பத்து வருடத்துக்கு மேல் கழித்து. சப்பாத்துத் தேடி ஓடினது யார் என்று யோசித்துப் பாருங்கோ.

23 ஜனவரி

நேற்று விட்டுப்போன ஒரு பெயர்: தனியேல் துரொக்மே. பாதிரியாரின் உறவுக்காரர், இளம் ஆசிரியர், இருதய வருத்தக்காரர். 1943 ஜூன் 29 காலை கெஸ்தாப்போ அவருடைய மாணவர் விடுதிக்கு வந்தது. அவர் அந்த நேரம் வேறு வீட்டில் நின்றவர். ஓடச்சொன்னார்கள். பெடியளைத் தனியே விடமாட்டேன் என்று போனார். 1944 ஏப்ரலில் மய்தானெக் முகாமில் செத்தார். ஊர் வைத்தியர் ரொஜே லு ஃபொரஸ்தியேயை அதே வருடம் ஆகஸ்டில் லியோனுக்குப் பக்கத்தில் சுட்டார்கள். அந்த இடம் என் வேலைக்குப் போகும் வழியில்.

29 ஜனவரி

இதை எழுதுவதா விடுவதா என்று ஒரு கிழமை யோசித்தேன்.

சப்பாத்துக் கதையை எழுதின இரவு எனக்கு ஒரு செருப்பு ஞாபகம் வந்தது. சிவப்புச் செருப்பு, வாரில் ஒரு சின்னப் பூ. 1983 ஜூலை 25, திங்கட்கிழமை. எனக்கு எட்டு வயது. கொழும்பில் எங்கட ஒழுங்கைக்குள் ஆட்கள் வந்துகொண்டிருக்கிறார்கள், கையில் வாக்காளர் இடாப்பு, எது தமிழ் வீடு என்று அதில் பார்க்கிறார்கள். அப்பா என்னைத் தூக்கிப் பின்மதிலால் அந்தப் பக்கம் இறக்கினார். வெறுங்கால். மதிலில் போத்தல் ஓடு, காலில் வெட்டு. அந்தப் பக்கம் ஒரு சிங்கள அம்மா இரண்டு கையையும் நீட்டிக்கொண்டு நின்றவ. குசினிக்குப் பின்னால் அரிசி மூட்டை வைக்கிற அறையில் இரண்டு இரவு, ஐந்து பேர். வாசலில் வந்து கேட்டவங்களுக்கு அவ என்ன சொன்னா என்று எனக்கு விளங்கவில்லை. குரல் மட்டும் கேட்டது, நடுங்காத குரல். உள்ளே வந்து "பய வெண்ட எப்பா" என்று என் தலையைத் தடவினா. பயப்பிடாதே.

மூன்றாம் நாள் முகாமுக்குப் போகும்போது என் காலைப் பார்த்துவிட்டு, உள்ளே போய் அந்தச் சிவப்புச் செருப்பைக் கொண்டுவந்து போட்டுவிட்டா. அதோடுதான் கப்பலில் காங்கேசன்துறைக்குப் போனேன்.

ஊருக்கெல்லாம் லு ஷம்போன் கதை சொல்கிற எனக்கு அவவின் பெயர் தெரியாது. நாற்பது வருடம் ஆகப்போகிறது.

29 ஜனவரி, இரவு

அம்மாவிடம் தொலைபேசியில் கேட்டேன். அம்மாவுக்கும் பெயர் தெரியாது, "பின்வீட்டு அம்மே" என்றுதான் கூப்பிடுவோம் என்றா. அப்பா 1985 இல் ஒரு கடிதம் போட்டவர், பதில் இல்லை. "போட்டதே பிழை எண்டு பிறகு அப்பாவே சொன்னவர். எங்கட பேரிலை கடிதம் போய், அவவுக்கு அந்த ஒழுங்கைக்குள்ளை என்ன கரைச்சலோ" என்றா அம்மா.

2 பெப்ரவரி

பெயரைக் கண்டுபிடித்து இங்கே எழுதுங்கோ, கௌரவிப்போம் என்று நாலைந்து பேர் எழுதியிருக்கிறீர்கள். அன்புக்கு நன்றி. எழுதமாட்டேன். போர் முடிந்தும் லு ஷம்போன் பண்ணைக்காரர் பலர் வருடக்கணக்காக வாய் திறக்கவில்லை. சிலருக்கு அது அடக்கம், சிலருக்கு அயலாரோடு சீவிக்கவேண்டிய தேவை. அவவோ, அவவின் பிள்ளைகளோ சரி என்று சொன்னால் ஒழிய, பெயர் என் வாயில் வராது. இதில் முதலில் கேள்வி கேட்டவரின் பக்கம் நான் கொஞ்சம் நகர்ந்துவிட்டேன். ஆனால் தேடாமல் விடமாட்டேன்.

11 பெப்ரவரி

எரிக் ஷ்வாம் பற்றிச் சொன்னேனா? வியன்னாவில் பிறந்தவர், 1943 இல் பன்னிரண்டு பதின்மூன்று வயதுப் பெடியனாகக் குடும்பத்தோடு லு ஷம்போன் வந்து ஒளிந்திருந்தவர். பிறகு லியோனில் சீவித்தார். 2020 டிசம்பரில் 90 வயதில் செத்தார். மரணசாசனத்தைத் திறந்தால், சொத்தில் பெரும்பகுதி, கிட்டத்தட்ட இருபது லட்சம் யூரோ, ஊருக்கு. பிள்ளைகளின் படிப்புக்குச் செலவழிக்கச் சொல்லி. என்னுடைய நகரத்தில் என்னோடு ஒரே தெருவில் நடந்திருக்கக்கூடிய மனுசன், எழுபத்தைந்து வருடம் மனதில் வைத்திருந்து செய்திருக்கிறார்.

5 மார்ச்

கொழும்பில் இருக்கிற மச்சாள் எனக்காக அந்த ஒழுங்கைக்குப் போனா. எங்கட வீடும் இல்லை, பின்வீடும் இல்லை, இரண்டையும் சேர்த்து மாடிக் கட்டடம். முனையில் ஒரு தையல்காரர் மட்டும் பழைய ஆள். அவருக்கு அம்மேயைத் தெரியும். 2004 இல் செத்துப்போனா. மகள் குருநாகலில். எண் கிடைத்தது.

நேற்று எடுத்தேன். எனக்குச் சிங்களம் போய்விட்டது, அவவுக்குத் தமிழ் இல்லை. நடுவில் மச்சாள். நான் யார் என்று சொல்ல ஐந்து நிமிசம் சென்றது. மறுபக்கம் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. பிறகு கடகடவென்று ஏதோ சொல்லி, சிரிப்பும் அழுகையுமாக. மச்சாள் மொழிபெயர்க்க முடியாமல் தானும் அழுகிறா. கடைசியில் சொன்னா:

"அந்தச் செருப்பு வெசாக்குக்கு அவவுக்கு வாங்கினதாம். நீ போட்டுக்கொண்டு போனபிறகு மூண்டு நாள் அழுதவவாம். உனக்கு அளவாய் இருந்ததோ எண்டு கேக்கிறா."